வருஷக் கணக்கில் வராதவர்கள்



வருஷத்தின் கடைசி நாட்கள் வந்துவிட்டால், மற்ற நாட்களில் கணக்கே பாராதவனும் ஒரு கணக்குப் பார்க்கிறான். போன வருஷம் இதே நாளில் எங்கே நின்றேன், இன்று எங்கே நிற்கிறேன் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான். தையல் தொழில் செய்கிறவர், சென்ற வருஷம் வரையில் சட்டை மட்டுமே வெட்டத் தெரியும், இந்த வருஷம் கோட்டும் வெட்டக் கற்றுக்கொண்டேன் என்று மகிழ்கிறார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் பெண், பச்சைக் குழந்தையின் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கப் பழகிவிட்டேன் என்கிறாள். கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களுக்கோ இந்தக் கணக்கு ஒரு படிவமாகவே வந்துவிடுகிறது. இந்த வருஷம் சாதித்தது என்ன, கற்றது என்ன, எந்தக் குணத்தில் முன்னேற்றம் என்று அது கேட்கிறது. தமக்குத் தாமே மார்க்குப் போட்டுக்கொள்ளவும் சொல்கிறது.

இதெல்லாம் நல்லதே. திரும்பிப் பாராமல் நடக்கிறவன் செக்குமாட்டைப் போல எத்தனை மைல் நடந்தாலும் ஒரே இடத்தில்தான் இருப்பான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. “தொழிலில் வளர்ந்தேன்” என்பதும், “மனிதனாக வளர்ந்தேன்” என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. ஒரே படிவத்தில் மேலும் கீழுமாக இரண்டு கட்டங்களில் எழுதப்படுகின்றன. இவை இரண்டும் ஒரே ஜாதி வளர்ச்சிதானா? இரண்டையும் ஒரே கோலால் அளக்கலாமா? முதலாவதற்குத் தையற்காரரே சாட்சி சொல்லலாம். கோட்டு கண்முன் தொங்குகிறது. இரண்டாவதற்கு யார் சாட்சி?

குருமடத்தில் தத்துவம் படித்த எவரும் இந்தக் கேள்வியைச் சந்தித்தே இருப்பர். கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு வருஷங்களுக்கு மேல் முன்பே அரிஸ்டாட்டில் ஒழுக்கத்தைப் பற்றி எழுதிய நூலின் ஆறாம் பாகத்தில், கைத்தொழில் அறிவு வேறு, வாழும் விவேகம் வேறு என்று பிரித்துக் காட்டினார். அதற்கு அவர் சொல்லும் அடையாளம் மிகவும் சுருக்கமானது. தொழிலில், தெரிந்தே தவறு செய்கிறவன் தெரியாமல் தவறு செய்கிறவனைவிட மேலானவன். விவேகத்திலும் மற்றப் புண்ணியங்களிலும் காரியம் நேர்மாறு.

ஓர் உதாரணத்தால் இது விளங்கும். பாட்டு வாத்தியார் ஒருவர் மாணவனுக்கு எச்சரிக்கையாக வேண்டுமென்றே அபசுரம் பாடிக் காட்டுகிறார். அதனால் அவருடைய வித்தை குறைந்துபோகிறதா? இல்லை, தப்பையும் தம் கைக்குள் வைத்திருக்கிறார் என்று நாம் மெச்சுகிறோம். தெரியாமல் அபசுரம் பாடுகிறவனே கத்துக்குட்டி. இப்போது பொய்யை எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் பொய்யான சேதியைச் சொன்னவனை மன்னித்துவிடுகிறோம். தெரிந்தே சொன்னவனைப் பார்த்து, “அடடா, பொய்யையும் எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறான், உண்மையில் நல்லவன்தான்” என்று யாராவது சொல்வார்களா?

1274-ம் ஆண்டு மரித்த அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார். தொழில் அறிவு மனிதனுக்கு நன்றாகச் செய்யும் திறமையைத் தருகிறது. அந்தத் திறமையை நன்மைக்கு உபயோகிக்கும் விருப்பத்தை அது தருவதில்லை என்றார். கணக்கில் கெட்டிக்காரன் கணக்கை நேராகவும் எழுதலாம், கோணலாகவும் எழுதலாம். இரண்டுக்கும் அதே கெட்டிக்காரத்தனம்தான். திறமை செய்த வேலையை நல்லதாக்கும். புண்ணியமோ செய்தவனையும் நல்லவனாக்கும்.

“அப்படியானால் தொழிலில் வளர்வது அற்பமா?” என்று கேட்பீர்கள். ஒருபோதும் இல்லை. தாதியின் கை பழகாதிருந்தால் குழந்தைக்கு நாலு குத்து. வைத்தியர் எவ்வளவு இரக்கமுள்ளவராக இருந்தாலும் புதிதாக ஒன்றும் படிக்காதவராயின் அவருடைய இரக்கம் நோயாளியைக் காப்பாற்றாது. திறமையை வளர்க்காமல் சம்பளம் வாங்குவது ஒருவகை அநீதியே. நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு கணக்கில் வரவு வைத்ததை மற்றக் கணக்கிலும் வரவு வைக்கக் கூடாது.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு. புண்ணியமும் பழக்கத்தால் வருவதுதானே? கட்டக் கட்டக் கொத்தனாராவது போல, நீதியான செயல்களைச் செய்யச் செய்ய நீதிமானாகிறோம் என்று சொன்னவரும் அதே அரிஸ்டாட்டில்தானே? அப்படியிருக்க, தொழிலைப் பழகுவது போலவே குணத்தையும் அட்டவணை போட்டுப் பழகினால் என்ன? இது நியாயமான ஆட்சேபம். இதை ஒரு மனிதர் தம் வாழ்க்கையிலேயே சோதித்துப் பார்த்தார். அவர் கதை நமக்கு ஒரு பாடம்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706-ல் பிறந்தவர். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் அச்சுக்கூடம் நடத்தியவர். பிற்காலத்தில் விஞ்ஞானியாகவும் ராஜதந்திரியாகவும் பேர் பெற்றவர். வாலிபராக இருந்தபோது, 1733-ம் ஆண்டை ஒட்டிய நாட்களில், குற்றமே இல்லாத மனிதனாக வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார். மட்டசனம், மௌனம், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, கபடமின்மை, நீதி, மிதம், சுத்தம், அமைதி, கற்பு, தாழ்ச்சி ஆகப் பதின்மூன்று குணங்களைப் பொறுக்கினார். ஒரு சிறு புத்தகம் தைத்து, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையால் கோடு கிழித்தார். குறுக்கே ஏழு கிழமைகள், நெடுக்கே பதின்மூன்று குணங்கள். ராத்திரி உட்கார்ந்து, அன்று தவறிய குணத்துக்கு நேரே ஒரு கறுப்புப் புள்ளி வைப்பார். வாரத்துக்கு ஒரு குணத்தில் விசேஷ கவனம். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. வருஷத்துக்கு நாலு சுற்று. ஐம்பத்திரண்டு வாரமும் கச்சிதமாக அடங்கிவிட்டது!

நமக்கு இது புதிதல்ல. 1548-ல் வெளிவந்த ஞானப் பயிற்சிகள் என்னும் நூலில் அர்ச். இஞ்ஞாசியாரும் ஒரு துர்க்குணத்தை எடுத்துக்கொண்டு, நாளுக்கு நாள் கோட்டின்மேல் புள்ளி வைத்து, நேற்றோடு இன்றையும், சென்ற வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிடச் சொல்லியிருக்கிறார். ஆகவே பிராங்க்ளினுடைய புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை. தாம் நினைத்திருந்ததைவிடத் தம்மிடம் குற்றங்கள் மிகுதியென்று அதனால் தெரிந்துகொண்டதாகவும், அவை குறைந்து வருவதைக் கண்டு திருப்தியடைந்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். 1784-ல், எழுபத்தொன்பதாம் வயதில், தம் வாழ்வின் நலனுக்கே இந்தச் சிறு உபாயம்தான் காரணம் என்றும் சொல்லிவைத்தார். இதை விரித்து ஒரு நூல் எழுதவும் நினைத்திருந்தார், எழுதி முடிக்கவில்லை. அந்த நூலுக்கு அவர் வைக்க நினைத்த பேர் “புண்ணியக் கலை”. பேரைக் கவனியுங்கள். புண்ணியமும் ஒரு கலையே, ஒரு தொழிலே என்பது அவர் எண்ணம்.

நிற்க. அந்தப் பதின்மூன்று குணங்களில் கடைசியான தாழ்ச்சி அங்கே எப்படி வந்தது தெரியுமா? முதலில் அவர் எழுதியது பன்னிரண்டுதான். குவேக்கர் சபையைச் சேர்ந்த ஒரு நண்பர் அவரிடம் வந்து, “உம்மைக் கர்வி என்று எல்லாரும் எண்ணுகிறார்கள், சம்பாஷணையில் உம் கட்சியே ஜெயிக்க வேண்டுமென்று மற்றவரை அமுக்கிவிடுகிறீர்” என்று எடுத்துச் சொல்லி, உதாரணங்களும் காட்டினார். அதன்பிறகே பதின்மூன்றாம் வரி சேர்ந்தது. பன்னிரண்டு வரிகளையும் தாமே பொறுக்கி எழுதிய மனிதருக்கு, விடுபட்ட வரி எதுவென்று தாமாகக் கண்டுகொள்ள முடியவில்லை. இன்னொருவர் சொல்லவேண்டியிருந்தது.

இதைவிடக் கனமான சங்கதி ஒன்று உண்டு. எட்டாவது வரி நீதி. பிறருக்குத் தீங்கு செய்யாதே, அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுக்காமல் விடாதே என்பதே அதன் கருத்து. அந்த வரியை எழுதிய மனிதர் தம் வீட்டில் பல வருஷங்கள் அடிமைகளை வைத்திருந்தார். அவர் நடத்திய பத்திரிகையில் அடிமைகள் விற்பனைக்கு உண்டு என்ற விளம்பரங்கள் வந்தன. அதே அச்சுக்கூடத்தில், அடிமைகளை வைத்திருப்போரைக் கடுமையாகக் கண்டித்து பெஞ்சமின் லே என்னும் குவேக்கர் எழுதிய புத்தகமும் 1730-களிலேயே அச்சானது. எழுத்துக் கோப்பதில் அவர் கெட்டிக்காரர். அந்த எழுத்துக்கள் தம் வீட்டைப் பற்றியவை என்பது மட்டும் தொழிற்கண்ணில் படவில்லை. 1757-ல் அவரும் அவருடைய குமாரரும் லண்டனுக்குப் போனபோது பீட்டர், கிங் என்னும் இரண்டு அடிமைகளை உடன் கொண்டுபோனார்கள். கிங் என்பவர் அங்கிருந்து தப்பிப்போய் ஒரு சீமாட்டியிடம் சேர்ந்தார். அந்த அம்மாள் அவருக்கு எழுதப் படிக்கக் கற்பிக்க ஏற்பாடு செய்தார், பிடில் வாசிக்கவும் கற்பிக்கச் செய்தார் என்று பிராங்க்ளினே 1760-ல் தம் மனைவிக்கு எழுதினார். நல்ல குணங்களை வளர்ப்பதற்கென்று அட்டவணை போட்ட வீட்டைவிட்டு வெளியே போன பிறகே ஒரு மனிதர் எழுதப் படிக்கக் கற்றார்!

இதைச் சொல்வது பிராங்க்ளினை இகழ்வதற்காக அல்ல. தொழிலுக்கும் விவேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உலகுக்குக் காட்டிய அரிஸ்டாட்டிலே, சிலர் பிறப்பிலேயே அடிமைகளாக வாழத் தகுந்தவர்கள் என்று தம் அரசியல் நூலில் எழுதினார். புத்தியின் கூர்மை இதற்கு மருந்தல்ல என்று தெரிகிறது. அப்படியானால் கோளாறு எங்கே?

என் அபிப்பிராயம் இது. தொழிலில் நேர்ந்த பிழையைச் செய்த பொருளே கத்திச் சொல்லிவிடும். கோணல் தையல் தோளில் இழுக்கும். சாய்ந்த சுவர் எல்லாருக்கும் தெரியும். எரிந்துபோன மோட்டார் முதலாளிக்கு அஞ்சாது. ஒழுக்கத்தில் நேர்ந்த பிழையையோ ஒரு மனிதர்தான் சொல்லவேண்டும். அவர் பெரும்பாலும் நம்மைச் சார்ந்து பிழைக்கிறவர். நமக்குக் கீழே இருக்கிறவர். வாய் திறந்தால் தமக்கு நஷ்டம் என்று அறிந்தவர். ஆகவே பேசமாட்டார். அவருடைய மௌனத்தைத் திருப்தியென்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் நீதி என்ற வரிக்கு நேரே புள்ளியே இல்லை! பொய்க் கணக்கு எழுதினோம் என்பதல்ல. தெரிந்ததை உண்மையாகவே எழுதினோம். ஆனால் எழுதுகிறவனும் குற்றவாளியும் நீதிபதியும் ஒருவனே ஆகிவிட்டால், வழக்குத் தொடுக்க வேண்டியவருக்கு அந்தக் கோர்ட்டில் இடமேது?

பிராங்க்ளினுடைய கண் பிறகு திறந்தது. எப்படித் திறந்தது என்பதே நமக்குப் பாடம். அட்டவணையால் அல்ல. 1763-ல் பிலடெல்பியாவில் கறுப்பர் குழந்தைகளுக்கென்று நடந்த பள்ளிக்கூடத்துக்கு நேரில் போனார். பிள்ளைகள் படிப்பதைப் பார்த்தார். அவர்களுடைய இயற்கையான அறிவைப் பற்றி அதுவரை தமக்கு இருந்ததைவிட உயர்ந்த எண்ணம் ஏற்பட்டதாகக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. 1787-ல், எண்பத்தொரு வயதில், அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்ட பென்சில்வேனியாச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், அடிமைத்தனத்துக்கு முடிவு காணும்படி அமெரிக்கக் காங்கிரஸ் சபைக்கு அனுப்பிய மனுவில் கையெழுத்திட்டார். அதே வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி காலமானார்.

சாகுமுன் வளர்ந்தார் என்பது பெரிய காரியம்தான். எண்பதுக்குப் பிறகும் மனிதன் வளரலாம் என்பது நம் முதியோருக்கு ஆறுதலும் ஆகும். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். காங்கிரஸ் சபை தனக்கு அந்த அதிகாரம் இல்லையென்று ஒதுங்கிக்கொண்டது. அந்நாட்டுச் சட்டத்தில் அடிமைத்தனம் முழுவதும் ஒழிக்கப்பட்டது 1865-ல். மனுப் போட்டு எழுபத்தைந்து வருஷம் கழித்து. பிராங்க்ளின் ஒருவர் முன்பே கண்திறந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டில் இருந்தவர்களுக்காவது மாறியிருக்கும். தொழிலை மெதுவாகக் கற்கிறவன் தன் வருமானத்தில் நஷ்டப்படுகிறான். மனிதத் தன்மையில் மெதுவாக வளர்கிறவனுடைய நஷ்டத்தையோ வேறொருவர் கட்டுகிறார். நமது தாமதத்துக்கு வட்டி கட்டுகிறவர் நாமல்ல. ஆகையால்தான், “அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சு முதற்கணக்கில் வெறும் சோம்பல். இரண்டாம் கணக்கில் அது அநீதி.

இனி நம் காரியத்துக்கு வருவோம். நம் வீடுகளில் இன்று அடிமைகள் இல்லை. ஆனால் கணக்கில் வராதவர்கள் இல்லையா? பத்து வருஷமாகப் பாத்திரம் துலக்குகிற அம்மாள் தனித் தம்ளரில் காப்பி குடிக்கிறாள். அவளுடைய மகன் என்ன படிக்கிறான் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கடைப் பையன் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறான். உட்கார ஒரு பலகை போட முதலாளிக்குத் தோன்றியதே இல்லை. மனைவி இந்த வருஷம் இளைத்துப்போனாள். கணவருடைய கைபேசி அவர் நடந்த காலடிகளைத் தவறாமல் எண்ணிச் சொல்கிறது, அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் அவள் நடந்ததை எண்ண ஒன்றுமில்லை. வயதான தாயார் ஒரே கேள்வியை நாலுதரம் கேட்கிறாள். மகனுக்குப் பொறுமை வளர்ந்திருக்கிறது என்று ஆபீஸில் எல்லாரும் சொல்கிறார்கள். இவர்களில் எவராவது நமது வருஷக் கணக்குக்குச் சாட்சியாக அழைக்கப்பட்டதுண்டா?

ஆகவே வருஷம் முடிவதற்குள் இரண்டு காரியம் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, உங்களுக்கு அஞ்சாத ஒரு நண்பரிடம் போய், “என்னைப் பற்றி மற்றவர் என்ன குறை சொல்கிறார்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்; காரணம் காட்டாதீர்கள்; அந்த நட்பையும் அதனால் குறைத்துக்கொள்ளாதீர்கள். குவேக்கர் நண்பர் செய்த உபகாரத்தை எல்லாரும் செய்ய முன்வருவதில்லை. செய்கிறவர் கிடைத்தால் அவர் உங்களுக்குப் பொக்கிஷம்.

இரண்டாவது, உங்களுக்கு அஞ்சுகிறவரிடம் கேட்காதீர்கள், போய்ப் பாருங்கள். வேலைக்கார அம்மாளைக் கூப்பிட்டு, “நான் உன்னை நன்றாகத்தானே நடத்துகிறேன்?” என்று கேட்டால், “உங்களுக்கு என்னம்மா குறை” என்றுதான் சொல்வாள். அது பதிலல்ல, பிழைப்பு. அவள் வீட்டுக்கு ஒருநாள் போங்கள். கடைப் பையன் நிற்கும் இடத்தில் அரைநாள் நின்று பாருங்கள். ஒரு வாரம் அடுப்படி வேலையை நீங்கள் செய்யுங்கள். சொல்லத் துணியாதவருடைய வழக்கைக் கண்தான் கேட்கவேண்டும். பிராங்க்ளின் பள்ளிக்கூடத்துப் படியேறியபோது கற்றுக்கொண்டதை அவருடைய சிவப்புக் கோட்டுப் புத்தகம் கற்பிக்கவில்லை.

இப்படிச் செய்தால் ஒன்று நேரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் நீங்கள் வளர்ந்ததாக நினைத்தது கொஞ்சம் சிறுத்துப்போகும். புள்ளிகள் குறையா, கூடும். அதைக் கண்டு மனம் தளரவேண்டாம். இருட்டறையில் விளக்கேற்றினால் தூசி அப்போதுதான் தெரிகிறது. விளக்கினால் தூசி உண்டாகவில்லை. சென்ற வருஷம் உங்கள் கண்ணில் படாத ஒரு மனிதர் இந்த வருஷம் கண்ணில் பட்டாரானால், அதுவே நீங்கள் மனிதராக வளர்ந்த அளவு.

கோட்டு வெட்டக் கற்றவர் சந்தோஷப்படட்டும்; தாதியும் சந்தோஷப்படட்டும்; அது அவர்களுக்கு உரியது. அந்தக் கணக்கை மூடிவைத்த பிறகு, மற்றக் கணக்கை எடுத்து ஒரு வெற்றுப் பக்கத்தைத் திருப்புங்கள். யாருடைய பேர் அதில் இதுவரை எழுதப்படவில்லையோ அந்த ஒரு பேரை எழுதுங்கள். அவருக்குச் சேரவேண்டியது என்னவென்று விசாரித்து, புது வருஷத்தின் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.